ஒரு லிட்டர் டப்பால அரை கிலோதான் ஐஸ்கிரீமா? ஆரணி வெயிலுக்கு அசல் ஐஸ்கிரீமைக் கண்டுபிடிக்கிறதும் வீட்டிலேயே செய்யறதும்!

ஆரணிக்குக் கல்யாணப் பட்டு எடுக்க வர்றவங்களைக் கவனிச்சிருக்கீங்களா? புடவையை விரிச்சதும் பின்பக்கம் திருப்பிப் பார்ப்பாங்க. கரையை விரலால வருடுவாங்க. "ஜரிகை அசலா, டெஸ்டட்டா?", "சில்க் மார்க் இருக்கா?"னு கேள்வி மேல கேள்வி கேட்பாங்க. புவிசார் குறியீடு வாங்கின ஊர்ப் பட்டுதான். ஆனாலும் சந்தேகம் தீராம பர்ஸைத் திறக்க மாட்டாங்க. தப்பே இல்ல. ஆயிரக்கணக்குல காசாச்சே!

அதே ஆளுங்க கடையை விட்டு வெளியே வந்து, கத்திரி வெயில்ல வேர்த்து விறுவிறுத்து, பக்கத்துக் கடை ஃப்ரீசர்ல இருந்து ஒரு கப்பை எடுப்பாங்க. மூடியைப் பிரிச்சு, அதுல ஒட்டியிருக்கிறதை ஒரு நக்கு நக்கி, குப்பையில போட்டுடுவாங்க. அந்த மூடியில என்ன எழுதியிருந்துச்சுன்னு கேட்டுப் பாருங்க, ஒருத்தருக்கும் தெரியாது. பல நேரம் 'ஐஸ்கிரீம்'ங்கிற வார்த்தையே அதுல இருக்காது. 'ஃப்ரோஸன் டெஸர்ட்'னு சின்ன எழுத்துல இருக்கும்.

பால் கொழுப்பா, பாமாயிலா?

இது ரெண்டும் ஒண்ணு இல்லீங்க. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர ஆணையத்தோட (எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ) விதிப்படி, 'ஐஸ்கிரீம்'னு பேர் போடணும்னா அதுல குறைஞ்சது 10 சதவிகிதம் பால் கொழுப்பு இருக்கணும். பால் புரதம் 3.5 சதவிகிதம், தண்ணியை விட்டுட்டு மிச்சமுள்ள திடப்பொருள் 36 சதவிகிதம் இருக்கணும். பால் கொழுப்புக்குப் பதிலா பாமாயில் மாதிரி தாவர எண்ணெயோ தாவரக் கொழுப்போ சேர்த்தா அது 'ஃப்ரோஸன் டெஸர்ட்'. அதுல என்ன கொழுப்பு எத்தனை சதவிகிதம் இருக்குன்னு பாக்கெட்டிலேயே எழுதணும்கிறதும் விதி.

நடுவுல இன்னொரு வகையும் இருக்கு. கொழுப்பு 2.5 சதவிகிதத்துக்கு மேல, 10-க்குக் கீழன்னா 'மீடியம் ஃபேட்' ஐஸ்கிரீம். 2.5 சதவிகிதத்துக்கு மேல போகலைன்னா 'லோ ஃபேட்'. இதெல்லாம் பால் கொழுப்புதான், அளவு மட்டும்தான் கம்மி.

அப்போ ஃப்ரோஸன் டெஸர்ட் விஷமா? இல்ல. அதுவும் சட்டப்படி அனுமதிச்ச உணவுதான். இது பெரிய சண்டையாவே போயிருக்கு. 2017-ல அமுல் ஒரு டிவி விளம்பரம் போட்டுச்சு: ஃப்ரோஸன் டெஸர்ட்ல வனஸ்பதி இருக்கு, உண்மையான பால் வேணும்னா ஐஸ்கிரீம் சாப்பிடுங்கன்னு. குவாலிட்டி வால்ஸை வித்துக்கிட்டிருந்த இந்துஸ்தான் யூனிலீவர் நேரா பாம்பே ஹைகோர்ட்டுக்குப் போயிடுச்சு. எங்க பொருள்ல இருக்கிறது தாவரக் கொழுப்புதான், வனஸ்பதி இல்லைங்கிறது அவங்க வாதம். அந்த விளம்பரத்தை நிறுத்தச் சொல்லித் தீர்ப்பு வந்துச்சு. ஆக, அது கெட்டதுன்னு பயப்பட வேண்டியதில்ல. ஆனா பாலுக்குக் காசு கொடுத்துட்டு பாமாயிலை வாங்காதீங்க, அவ்ளோதான் விஷயம். தெரிஞ்சே வாங்கினா அது உங்க இஷ்டம்.

காத்துக்கு எவ்ளோ காசு?

அடுத்தது நிறைய பேருக்குத் தெரியாத கணக்கு. ஐஸ்கிரீம் செய்யும்போது கலவையைக் கடைஞ்சுக்கிட்டே உறைய வைப்பாங்க. அப்போ காத்து உள்ள போகும். காத்து இல்லைன்னா ஸ்பூன் இறங்காது, கல்லு மாதிரி இருக்கும். அதனால காத்து தேவைதான். ஆனா எவ்ளோ?

விதிப்படி ஒரு லிட்டர் ஐஸ்கிரீம் குறைஞ்சது 525 கிராம் எடை இருந்தா போதும். உறைய வைக்கிறதுக்கு முன்னாடி அதே கலவை ஒரு லிட்டர் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலேயே இருக்கும். அப்படின்னா என்ன அர்த்தம்? சட்டத்தை மீறாமலே டப்பாவுல கிட்டத்தட்ட பாதி காத்தா இருக்கலாம்! எல்லா கம்பெனியும் அந்த எல்லை வரைக்கும் போறதில்ல. போகவும் இடம் இருக்கு, அதான் சொல்றேன்.

அதனால டப்பாவுல 'மில்லி'யைப் பார்க்காம 'கிராமை'ப் பாருங்க. ஒரே விலை, ஒரே 500 மில்லின்னு ரெண்டு டப்பா இருந்தா ரெண்டையும் கையில தூக்கிப் பாருங்க. கனமா இருக்கிறதை எடுங்க. புடவையைக் கையில தூக்கியே எடை சொல்ற ஊருக்கு இதைச் சொல்லித் தரணுமா என்ன!

நம்பரைப் பார்த்து மிரளாதீங்க

லேபிளைப் படிக்க ஆரம்பிச்சவங்க அடுத்து பயப்படுறது ஐ.என்.எஸ் நம்பர்களைப் பார்த்து. 'ஐ.என்.எஸ் 412'னு இருந்தா ஏதோ கெமிக்கல்னு ரீல்ஸ்ல அலறுவாங்க. அது குவார் கம். எதுல இருந்து எடுக்கிறாங்க தெரியுமா? கொத்தவரங்காய் விதையில இருந்து! ராஜஸ்தான் பக்கம் ஏக்கர் ஏக்கரா போடுற பயிர் அது. 'ஐ.என்.எஸ் 407' கராஜீனன், கடல்பாசியில இருந்து வர்றது. நம்ம ராமநாதபுரம் மண்டபம் கடலோரத்துல பெண்கள் மூங்கில் தெப்பம் கட்டி வளர்க்கிற பாசி இருக்கே, அதுல இருந்தும் எடுக்கலாம். 'ஐ.என்.எஸ் 410' ஒரு மரத்தோட விதையில இருந்து வர்ற பசை. இதெல்லாம் தண்ணியைக் கட்டிப் பிடிச்சு வெச்சு, ஐஸ்கிரீம்ல பெரிய பெரிய ஐஸ் துகள் உருவாகாம பார்த்துக்கும்.

வாட்ஸ்அப்ல சுத்துற "உருகாத ஐஸ்கிரீம்ல பிளாஸ்டிக்" வீடியோவுக்கும் இதுதான் பதில். பசை அதிகமா சேர்த்த ஐஸ்கிரீம் உருகினாலும் நுரை மாதிரி அப்படியே நிக்கும். எலுமிச்சைச் சாறு விட்டா பொங்கினா வாஷிங் பவுடர்னு இன்னொரு டெஸ்ட் சுத்துது. சோடா கலந்த எதுல எலுமிச்சை விட்டாலும் பொங்கும், நம்ம ஆப்ப சோடாவும் பொங்கும். அதை மட்டும் வெச்சு எந்தக் கடைக்காரரையும் குத்தவாளி ஆக்கிடாதீங்க.

நான் கவனிக்கச் சொல்றது வேற ஒண்ணு: நிறம்.

இது சாய ஊர். பட்டு நூலுக்குக் கொதிக்கிற தொட்டியில சாயம் ஏத்துறதைப் பார்த்து வளர்ந்தவங்களுக்கு, எந்த நிறம் எவ்ளோ கஷ்டப்பட்டு வரும்னு தெரியும். துணிச் சாயம் துணியோட நிக்கணும். 2024 பிப்ரவரியில தமிழ்நாடு அரசு பஞ்சு மிட்டாய்க்குத் தடை போட்டுச்சே, ஞாபகம் இருக்கா? அதுக்குக் காரணம் ரோடமின்-பி. துணிக்கும் வேற தொழிற்சாலை வேலைக்கும் போடுற ரோஸ் சாயம் அது. உணவுல அதுக்கு அனுமதியே கிடையாது. வண்டியில விக்கிற, லேபிளே இல்லாத குச்சி ஐஸ் கண்ணைப் பறிக்கிற ரோஸ்ல இருந்து, சாப்பிட்ட நாக்கும் உதடும் அரை மணி நேரம் கழிச்சும் அதே கலர்ல இருந்தா, அடுத்த தடவை அந்த வண்டியை விட்டுடுங்க. அது எந்தச் சாயம்னு நாக்கை வெச்சுக் கண்டுபிடிக்க முடியாது. லேப்லதான் முடியும். பாக்கெட் ஐஸ்கிரீம்னா செயற்கை நிறம் சேர்த்திருக்கிறதை எழுதியே ஆகணும். டார்ட்ராஸீன் 102, கார்மோய்சின் 122 மாதிரி அனுமதிச்சவை ஒரு அளவுக்குள்ள இருக்கணும்.

இன்னொரு எளிய வழி: அசல் பிஸ்தா ஐஸ்கிரீம் பச்சைப் பசேல்னு இருக்காது, வெளிறிப்போன பாசி நிறத்துல இருக்கும். அசல் வாழைப்பழ ஐஸ்கிரீம் மஞ்சளா இருக்காது, அழுக்கு வெள்ளைதான். பார்க்கச் சுமார், சாப்பிட சூப்பர்!

மூணே பொருள்

பால், சர்க்கரை, பழம். இந்த மூணை மட்டும் வெச்சு ஒருத்தர் பெரிய பிராண்டே கட்டியிருக்கார். மங்களூர் பக்கத்துப் பழ வியாபாரியோட மகன் ரகுநந்தன் காமத், 1984-ல மும்பை ஜூஹுவுல தொடங்கின கடைதான் 'நேச்சுரல்ஸ்'. ஐஸ்கிரீமை மட்டும் நம்பி ஆளுங்க வருவாங்களான்னு சந்தேகப்பட்டு, முதல்ல பாவ் பாஜியும் சேர்த்து வித்தாராம். காரம் சாப்பிட்டா ஜில்லுனு ஏதாவது கேப்பாங்கல்ல! இளநீர் ஐஸ்கிரீமை நாடு முழுக்கப் பிரபலமாக்கினவர், 2024 மே மாசம் காலமானார். நம்ம ஊர்க் கதையும் ஒண்ணு இருக்கு. 1970-ல சந்திரமோகன் 13,000 ரூபாய் முதல்ல ராயபுரத்துல ஒரு சின்ன இடத்துல குச்சி ஐஸ் போட ஆரம்பிச்சதுதான் பின்னாடி அருண் ஐஸ்கிரீம்ஸ் ஆச்சு.

சரி, வீட்டுக்கு வருவோம். கிரீம், கண்டென்ஸ்டு மில்க், விப்பிங் பவுடர்னு யூடியூப்ல லிஸ்ட் போடுவாங்க. ஆரணி மளிகைக் கடையில எல்லாம் கிடைக்கும், இல்லைன்னு சொல்லலை. ஆனா தேவையே இல்ல. கணக்கைப் பாருங்க.

ஆவின் ஆரஞ்சு பாக்கெட்ல 6 சதவிகிதம் கொழுப்பு. ஒரு லிட்டர் வாங்கினா கிட்டத்தட்ட 60 கிராம் பால் கொழுப்பு, கொழுப்பு நீங்கின திடப்பொருள் 90 கிராம். இதை அரை லிட்டரா சுண்டக் காய்ச்சி, 90 கிராம் சர்க்கரை சேர்த்தா மொத்தம் 590 கிராம் சுமாருக்கு வரும். 590-ல 60 கிராம் கொழுப்புன்னா 10 சதவிகிதம். திடப்பொருள் 240 கிராம், அதாவது 40 சதவிகிதம். அட, கொழுப்புலயும் திடப்பொருள்லயும் சட்டம் சொல்ற 'ஐஸ்கிரீம்' அளவு நம்ம வீட்டு அடுப்புலேயே வந்துடுச்சு! அதுவும் 590 கிராம். மேல சொன்ன 525 கிராம் கணக்கை ஞாபகம் வெச்சுக்கோங்க. நீங்க செய்த அரை லிட்டரும் கொஞ்சமும், எடையில ஒரு லிட்டர் டப்பாவுக்கே சவால் விடும்.

செய்முறையில ரகசியம்னு எதுவும் இல்ல. அகலமான, அடி கனமான பாத்திரமா எடுங்க. பாலை ஊத்தினதும் மரக்கரண்டியைச் செங்குத்தா நிறுத்தி, பால் எதுவரைக்கும் வருதுன்னு பென்சில்ல கோடு போடுங்க. அதுல பாதிக்கு இன்னொரு கோடு. மிதமான தீயில, அடிக்கடி கிளறிக்கிட்டே, ஓரத்துல படியிற ஏட்டைச் சுரண்டி உள்ள தள்ளிக்கிட்டே இருங்க. பாதிக் கோட்டுக்கு வர முக்கால் மணி நேரம் ஆகும். போன் பார்த்துக்கிட்டே கிளறினா அடிப்பிடிக்கும், சொல்லிட்டேன்! கடைசியில சர்க்கரை, தட்டின ஏலக்காய் ரெண்டு, ஒரு சிட்டிகை உப்பு. ஆறினதும் ஃப்ரிட்ஜ்ல நாலு மணி நேரம் வெச்சு நல்லா குளிர வைங்க. அப்புறம் சின்ன எவர்சில்வர் டம்ளர்கள்ல ஊத்தி, மூடி, ஃப்ரீசர்ல ராத்திரி முழுக்க விட்டா குல்ஃபி ரெடி. பாதிக்கும் கீழ சுண்ட விடாதீங்க. பாலோட சர்க்கரையான லாக்டோஸ் படிகமாகி, நாக்குல மணல் மாதிரி நரநரக்கும்.

சர்க்கரையைப் பாதியாக் குறைச்சா என்னன்னு கேட்பீங்க. இனிப்பு மட்டும் குறையாது, ஐஸ்கிரீமே கல்லாயிடும். சர்க்கரைதான் தண்ணி முழுசா உறையாம தடுக்கிறது. நாட்டுச் சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி சேர்க்கலாம், இன்னும் கொஞ்சம் மெத்துனு வரும். ஆனா கொதிக்கிற பால்ல போட்டா திரிஞ்சிடும். பாகா காய்ச்சி, வடிகட்டி, ரெண்டும் ஆறின பிறகு கலங்க. 'வெல்லம் போட்டா சுகர் ஏறாது'ங்கிறதை மட்டும் நம்பாதீங்க. அதுவும் சர்க்கரைதான்.

முக்கால் மணி நேரம் அடுப்புல நிக்கப் பொறுமை இல்லையா? கஞ்சி வழி இருக்கு. பாவுக்குக் கஞ்சி போட்டு நூலை அறுந்து போகாம காப்பாத்துறது நெசவாளிக்குத் தெரிஞ்ச வித்தை. அதே மாவுச்சத்து இங்கேயும் வேலை செய்யும். அரிசி ஆலை ஊர்ல அரிசி மாவுக்கா பஞ்சம்? ஒரு லிட்டர் பால் 700 மில்லியா வத்தினதும், ரெண்டு டீஸ்பூன் பச்சரிசி மாவை ஆறின பால்ல கரைச்சு ஊத்தி, பச்சை வாசனை போற வரைக்கும் அஞ்சு நிமிஷம் கிளறுங்க. 100 கிராம் சர்க்கரை. மாவு தண்ணியைப் பிடிச்சு வெச்சுக்கும். கொழுப்பு 7 சதவிகிதம் சுமார் வரும், அதாவது 'மீடியம் ஃபேட்'. 90'ஸ் கிட்ஸ் சாப்பிட்ட பால் ஐஸ் ருசி கேரன்ட்டி. வேக வெச்ச சேமியாவை அச்சுல அடியில போட்டுட்டு ஊத்தினா சேமியா ஐஸ். இதைப் பெரிய டப்பாவுல உறைய வெச்சா, 45 நிமிஷத்துக்கு ஒரு தடவைன்னு மூணு தடவை எடுத்துக் கலக்கி விடுங்க.

ஃப்ரீசரே இல்லைன்னா?

ஒத்தைக் கதவு ஃப்ரிட்ஜ், அடிக்கடி கரன்ட் கட்... அப்போவும் முடியும். உப்பு போட்ட ஐஸ் பூஜ்யத்துக்குக் கீழ இறங்கும். மூணு பங்கு ஐஸுக்கு ஒரு பங்கு உப்புன்னு போட்டா மைனஸ் 15-ல இருந்து மைனஸ் 20 டிகிரி வரைக்கும் போகும். அமெரிக்காவுல நான்சி ஜான்சன் 1843-ல காப்புரிமை வாங்கின கைப்பிடி மெஷின்ல இருந்து, நம்ம தெருவுல மணியடிச்சுக்கிட்டு வர்ற குல்ஃபிக்காரர் பானை வரைக்கும் எல்லாம் இந்த ஒரே வித்தைதான்.

குளிர வெச்ச கலவையை எவர்சில்வர் தூக்குல பாதி அளவுக்கு ஊத்தி, மூடியை இறுக்குங்க. பக்கெட்ல ஒரு கிலோ உடைச்ச ஐஸ், 300 கிராம் கல் உப்பு, மாத்தி மாத்தி அடுக்கி, நடுவுல தூக்கை இறக்குங்க. சுத்தி கோணிச் சாக்கைப் போர்த்திட்டு, தூக்கோட காதைப் பிடிச்சு இடமும் வலமுமா சுத்திக்கிட்டே இருங்க. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை மூடியைத் துடைச்சுட்டுத் திறந்து, ஓரத்துல உறைஞ்சதைச் சுரண்டி நடுவுல தள்ளுங்க. அரை மணி நேரத்துல சாஃப்ட்டி பதத்துக்கு வந்துடும். ரெண்டு எச்சரிக்கை. உப்பு ஐஸை வெறுங்கையால அள்ளாதீங்க, சூடு பட்ட மாதிரி தோல் வெந்துடும். அப்புறம், மீன் கடைக்குப் போற பார் ஐஸ் சாப்பிடுறதுக்கு இல்ல. அதுல நீல நிறம் சேர்த்து அடையாளம் காட்டணும்னே விதி இருக்கு. வெளிப்பக்கம் போட அது பரவாயில்ல, தூக்குக்குள்ள ஒரு சொட்டு போகக் கூடாது.

எந்தப் பழம், எப்போ?

பக்கத்துல படவேடு பக்கம் வாழைத் தோட்டம் இருக்கு. தோல் கறுத்து, யாரும் சீண்டாத பழத்தை வில்லையா நறுக்கி உறைய வெச்சு, மிக்ஸியில விட்டு விட்டு அடிச்சா, பால், சர்க்கரை எதுவுமே இல்லாம கிரீம் மாதிரி ஆயிடும். இதைவிட எளிய ஐஸ்கிரீம் உலகத்துல இல்ல. உடனே சாப்பிட்டுடணும், அவ்ளோதான்.

ஜவ்வாது மலை சீத்தாப்பழம் ஆகஸ்ட்டுக்கு மேல வரும். நம்ம பக்கத்துல கிடைக்கிற பழங்கள்லயே ஐஸ்கிரீமுக்குன்னு பிறந்தது அதுதான்ங்கிறது என் கட்சி. ஆனா கவனம்: கொட்டையோட மிக்ஸியில போடவே கூடாது. சீத்தாக் கொட்டை நச்சுத்தன்மை உள்ளது, தலைப் பேனுக்குப் போட்டு கண்ணுல பட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுறவங்களும் உண்டு. சல்லடையில கையால தேய்ச்சு சதையை மட்டும் எடுங்க. அடுப்புல வைக்காதீங்க, கசந்துடும். சுண்டக் காய்ச்சி ஆறின பால்ல கடைசியில கலக்கணும்.

மாம்பழத்தைத் தாராளமா போடலாம். அன்னாசி, பப்பாளியைப் பச்சையா பால்ல கலந்தா அதுல இருக்கிற என்சைம் பால் புரதத்தை உடைச்சுக் கசக்க வெச்சிடும். சர்க்கரையோட கொதிக்க விட்டு ஆற வெச்சு சேருங்க. நுங்கை உறைய வைக்காதீங்க, ரப்பர் ஆயிடும். பரிமாறும்போது மேல போட்டுக்கோங்க. பால் ஒத்துக்காதவங்களுக்குத் தேங்காயோட முதல் பால், இளநீர் வழுக்கை, கருப்பட்டிப் பாகு.

முட்டை சேர்க்கிற ரெசிபிகளும் இருக்கு. பச்சை முட்டையை அப்படியே அடிச்சு உறைய வைக்கிறது மட்டும் வேணாம். உறைய வெச்சா கிருமி சாகாது, தூங்கும்.

கல்யாண வீட்டுக்காரங்க கவனத்துக்கு

பந்தி முடிவுல பீடாவும் ஐஸ்கிரீமும் இல்லாத கல்யாணம் இப்போ ஏது? ஆயிரம் கப்னு கான்ட்ராக்ட் பேசும்போது கேட்டரிங்காரர்கிட்ட "வெனிலாவா, பட்டர்ஸ்காட்ச்சா"ன்னு மட்டும் கேட்காதீங்க. கப்ல ஐஸ்கிரீம்னு இருக்குமா, ஃப்ரோஸன் டெஸர்ட்னு இருக்குமா? ஒரு கப் எத்தனை கிராம்? 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ நம்பர் மேல இருக்கா? சாம்பிள் கப்பை கையில வாங்கிப் பார்த்துட்டு விலையைப் பேசுங்க. விலை வித்தியாசம் ஏன்னு அப்போ புரியும்.

வீட்டுல செய்ததை மூடி போட்டு வெச்சு ஒரு வாரத்துக்குள்ள முடிச்சுடுங்க. கடைச் சரக்கு மாதிரி பசை இல்லாததால, நாள் ஆக ஆக ஐஸ் துகள் பெருசாகும். கரன்ட் போய் உருகிடுச்சுன்னா மறுபடி உறைய வைக்காதீங்க. இன்னும் ஜில்லுனு இருந்தா அப்படியே டம்ளர்ல ஊத்தி, மேல ரெண்டு முந்திரியைப் போட்டு பசங்களுக்குக் குடிக்கக் கொடுத்துடுங்க. சூடு ஏறிடுச்சுன்னா கொட்டிடுங்க.